சேர்மன் வீட்டுக்காரர்

நகராட்சி ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அர்த்தநாரி முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சேர்மன் சௌந்திரம் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறினாள்.

சேர்மன் என்றால் அவள்தான். எண்பத்தாறு தேர்தலில் நிற்க வேண்டியவர் அர்த்தநாரி. தன் மனு தள்ளுபடியானால் பதவி வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதே என்று, மாற்று வேட்பாளராகப் பெண்டாட்டியையும் மனுப்போட வைத்திருந்தார். தள்ளுபடி ஆகியே விட்டது. நகராட்சிக்குச் சாக்கடை கட்டும் கான்ட்ராக்டர் நகராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாதாம். பெயர் அவளுக்கு, நாற்காலி நமக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தெருத்தெருவாகக் கும்பிட்டு அவளை ஜெயிக்க வைத்தார். பெண்டாட்டிக்குக் கை கொடுத்திருப்பது காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடத்தான் என்பது அவருடைய தீர்மானமான எண்ணம்.

நாற்காலி கிடைத்த அன்றே அவள் அதில் உட்கார்ந்துவிட்டாள். அன்று பிடித்த வயிற்றெரிச்சல்தான்.

ஜீப் சந்தை வாசலில் நின்றது. மாலையோடு காத்திருந்த கூட்டம் முன் சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஓடியது. போட்ட மாலைகளை அவள் கழற்றக் கழற்ற, யாரோ அவற்றை வாங்கி அர்த்தநாரியின் மடியில் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. சேர்மனாகியும் புருசனை முன்னால் உட்காரவைத்து, தான் பின்னால் குலுங்கிக்கொண்டு வருகிறாளே, இந்தக் குணம் யாருக்கு வரும் என்றார்கள். அர்த்தநாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் புதுக்குழாய் திறப்பு. அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தானே திறக்கப் போனார். குழாயடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஜனம் முழுக்க ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக அவர் வீட்டுக்குப் போயிருந்தது. திரும்பி வந்தால் கவுன்சிலர்கள் அத்தனை பேரும் முன்கூடத்து ஆசாரத்தில். கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் இன்னும் இரண்டு தெருவுக்குக் குழாய் போட முடிவு பண்ணிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"ஏனுங்க மாமா, நல்ல சமயத்துல வந்தீங்க. எல்லாத்துக்கும் காப்பித்தண்ணி சொல்லிட்டு வாங்க."

சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன செய்வது?

மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, அவள் சும்மா பொம்மை, நகராட்சியில் ஒரு துரும்பு அசைந்தாலும் அது தன்னைக் கேட்டுத்தான் அசைகிறது என்று அளந்துவிட்டார். ஊர் நம்பிவிட்டது. விடியும் முன்னே காலிக்குடங்களோடு பெண்கள் வாசலில் நின்றார்கள். சேர்மனைப் பார்க்க அல்ல, அவரைப் பார்க்க.

"நல்லாத்தான தண்ணி உட்டுட்டு இருந்தாங்க அம்மணி," என்றாள் முன்னால் நின்ற பொன்னாயி. "நேத்து வரலைங்க. அப்ப நிறுத்துனது நீங்கதானுங்களா?"

அதோடு முடியவில்லை. எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, தெருவில் திரியும் பன்றி என்று எல்லாம் அவர் கணக்கில் ஏறியது. குழாய் வந்தால் அம்மணி. கொசு வந்தால் அர்த்தநாரி. கொசு விஷயத்தில் மட்டும் ஊர் சொன்னது தப்பில்லை. சாக்கடை அவர் கட்டியதுதான்.

சேலத்துக் கூட்டத்தில் கலெக்டர் அவளைப் பாராட்டிய படம் பேப்பரில் வந்தது. அவள் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. அது தன் காதுதான் என்று அர்த்தநாரி வெகுநேரம் பார்த்துக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த தேர்தலில் தானே நிற்பது. கைக்கு வந்த வருமானமெல்லாம் அந்தக் கான்ட்ராக்டில்தான். அதைத்தான் அன்றே விட்டொழித்தார். அந்த முன் சீட்டில் சேர்மனாகவே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் போதும், பட்டினி கிடக்கவும் தயார்.

நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் வீட்டுக்குத் திரும்பும்போது மனசு நிறைந்து போய் டிரைவர் மாதையனிடம் சொல்லிவிட்டார்.

"கான்ட்ராக்ட்டத் தலை முழுகிட்டேன் மாதையா. அடுத்த தடவ நானே நிக்கறேன். இனி எவன் வந்து எம் மனுவுக்கு ஆட்சேபணை சொல்லுவான்னு பாக்கறேன். அம்மணிகிட்ட மட்டும் மூச்சு உட்றாத."

மாதையன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான்.

"எவனும் சொல்லலீங்களே. மனுவெல்லாம் பாக்கறப்ப நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க. 'எங்க ஊட்டுக்காரரு நகராட்சிக்குச் சாக்கடை கட்டறாருங்க'ன்னு ஆபீசர் முன்னால எந்திரிச்சுச் சொன்னதே அம்மணிதானுங்க."