சாறு டிரெசரும் துரையின் நாக்கும்

உலகத்தில் மூளையைப் பற்றி முழுதும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் ரயில் குடியிருப்புக்குப் பக்கத்து மருந்துச்சாலையில் டிரெசராக இருந்தார். வெள்ளைக்கார டாக்டர் துரை மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுப்பவர் இவர்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. சாறு டிரெசர் என்றால் கிள்ளான் வரை தெரியும்.

மூளைக்குள் நாலைந்து சாறு ஊறுகிறது, அதுதான் மனிதனை ஆட்டிவைக்கிறது என்பது அவர் கட்சி. ஏதோ வைத்தியப் பத்திரிகையில் அரைப் பக்கம் படித்தாராம். மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். பெண்டாட்டி கத்துகிறாள் என்று போனால், "அவளத் திட்டாத. கோபச் சாறு பொங்குது, மோர் குடு" என்பார். ஸ்டேஷன் மாஸ்டரைக் கண்டால் ஆறடி தள்ளி நிற்பார். தெறித்துவிடுமாம்.

இன்னொரு பழக்கம், நோயாளியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "மூஞ்சி நடிக்கும்பா!" குனிந்தபடியே நாடி பிடிப்பார். "நாக்க நீட்டு" என்று சொல்லி, நாக்கு மட்டத்துக்கு மட்டும் கண்ணை உயர்த்துவார்.

அந்த வருஷம் நான் சிரிப்பதை நிறுத்தினேன். காரணம் எனக்கே தெரியாது. சோறு இறங்கவில்லை; பட்டறையில் ஸ்பானரும் கையுமாக அப்படியே நிற்பேன். பேய் என்றார்கள் சிலர், சோம்பல் என்றார்கள் பலர். ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாத ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். துரை 'லாயக்கில்லை' என்று எழுதினால் நானும் நாகப்பட்டினம் போகவேண்டியதுதான். அங்கே எனக்கு ஒரு நாதியில்லை.

டிரெசர் மட்டும், "பேயுமில்ல, சோம்பலுமில்ல. காலு ஒடஞ்சவன நடக்கலன்னு வைவாங்களா? சந்தோசச் சாறு வத்திருக்கு. ஊறும்லா" என்றார். தினமும் மாலையில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு நன்றி வந்தது, சிரிப்பு வரவில்லை.

துரை வந்த அன்று என்னைவிட டிரெசருக்குத்தான் நடுக்கம். டிரெசரிடமிருந்து என் வைத்தியச் சீட்டை வாங்கத் துரை கையை நீட்டினார். குனிந்திருந்த டிரெசர் அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பயப்படாத தம்பி. நாக்க நீட்டு."

பல வருஷமாக அந்த அறையில் கேட்டுப் பழகிய சொல். துரையும் நீட்டிவிட்டார்.

டிரெசர் கண்ணை உயர்த்தினார். "அடேய், மீசை எப்படா வளத்த?"

மூன்று மாதச் சிரிப்பு என் வயிற்றிலிருந்து கிளம்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துரை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஊறிடுச்சு! ஊறிடுச்சு!" டிரெசர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம், பழகிய நாளில் முதல்முறையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நடிக்கலையே?"

"இல்லண்ணே."

அவர் கண் நிறைந்துவிட்டது. அவர் போய் வெகுநாளாயிற்று. இன்றும் நான் வாய்விட்டுச் சிரித்தால், அந்த மனுஷன் நிமிர்ந்து பார்ப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.