நாற்பத்தொன்றாவது பெயர்

"எத்தனை பேர் வருவீக?" என்று யாரிடமும் கேட்காமல் இந்தப் பூமியில் வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் ரெட்டிப்பு சார்தான்.

சிவகாசியில் நான் பேப்பர் வெட்டும் அச்சகத்தில் அவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். அவருடைய வேதம் இதுதான்: பட்டியலைக் காலியாக ஆரம்பி. வர வரச் சேர். நிறைந்துவிட்டால் ரெண்டு மடங்கு இடம் பிடித்து எல்லாரையும் அங்கே மாற்று. அதனால்தான் நாங்கள் வைத்த பட்டப்பெயர் ரெட்டிப்பு சார்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மன் கோயில் அன்னதானத்தில் எட்டுப் பேர் பந்திக்கு ஒன்பதாவதாக ஒரு பெரியவர் வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த சார், "எல்லாரும் எலையத் தூக்குங்க! அங்கன பதினாறு பேருக்குப் பாய் விரிச்சாச்சு" என்றார். சாம்பார் ஊற்றிய இலையோடு ஊர்வலம் போனோம்.

"கொஞ்சம் நகந்து ஒக்காந்தா ஆகாதா சார்?" என்றேன்.

"பத்தாவது ஆளு வந்தா மறுபடி நகருவீகளா அண்ணாச்சி? இப்ப இன்னும் ஏழு பேருக்குக் கவலையில்ல."

என் வேட்டிக்குத்தான் கவலை.

முதலாளி நேர் எதிர். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் போடப் பழைய புரோகிராமில் நாற்பதே கட்டம். ஆள் குறைந்தால் மிச்சம் வெள்ளையாகப் பல்லிளிக்கும். நாற்பத்தொன்றாவது பெயர் சத்தமில்லாமல் காணாமல் போகும். "சீசன்ல அதுல கை வைக்காதீக" என்பது உத்தரவு. நாற்பதோடு சொந்தம் முடிகிறவனை எங்கள் பக்கம் அனாதை என்போம்!

என் மகள் கல்யாணப் பத்திரிகை அச்சேற இருந்த அன்று காலை, நாலு வருஷமாகப் பேசாத என் மச்சினன் வீட்டுக்கு வந்தார். "மச்சான், பிள்ளைக்குத் தாய்மாமன் மாலை நாந்தான் போடுவேன்" என்றார். என் வீட்டுக்காரி அழுதேவிட்டாள். அச்சகத்துக்கு ஓடிப்போய் அவர் பெயரைச் சேர்த்தேன். புரூஃபில் இல்லை. ஏற்கெனவே நாற்பது. தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகை போனால், அவர் இனி என் வாசலை மிதிக்கவே மாட்டார்.

"யாராச்சும் ஒரு சித்தப்பாவ எடுத்துருங்க" என்றார் முதலாளி. அந்தச் சித்தப்பாவோடு அடுத்த நாலு வருஷம் யார் மல்லுக்கட்டுவது?

ரெட்டிப்பு சார் எழுந்தார். "மொதலாளி, சொந்தம் நாப்பதுதான்னு எழுதி வச்சது எந்தச் சாமி?"

"கை வச்சீகன்னா வேலை போயிரும் சார்!"

"போவட்டும்" என்று உட்கார்ந்தவர், சாப்பாட்டு மணிக்குள் கட்டங்களையெல்லாம் கழற்றிவிட்டார். மச்சினன் பெயர் வந்தது. சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்காரிக்கு இன்னும் இருபத்திரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். அத்தனை பெயரும் ஏறியது. மறுவாரம் முதலாளியே வாசலில் போர்டு வைத்தார்: "எத்தனை சொந்தமானாலும் எங்களிடம் வாருங்கள்."

மச்சினன் வந்தார், மாலை போட்டார். சீசன் முடிந்ததும் சார் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் வீட்டார் பெயர்களைச் சொல்லி முடித்ததும், "ரெட்டிப்பு சார்" என்று ஒன்று கூட்டிச் சொல்கிறேன். பூசாரி நட்சத்திரம் கேட்பார். எனக்குத் தெரியாது. அம்மனுக்குத் தெரியும்.