கட்டிலுக்கு அடியில் ஒரு டிராக்டர்

குழந்தை பெற்றவர்களைப் பார்த்து எனக்கு ரொம்ப நாள் பொறாமை இருந்தது. குழந்தைக்காக அல்ல. அவர்கள் பொம்மைக் கடைக்குள் எந்தக் கூச்சமும் இல்லாமல் நுழையலாம். "பையனுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் வாங்கி வரலாம். வீட்டில் அப்பன் தரையில் குப்புறப் படுத்து ரயில் விடுவான், பிள்ளை ஓரமாக உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முப்பத்திரண்டு வயதில், கல்யாணம் ஆகாமல், செம்பாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு அதே வேலையைச் செய்து பாருங்கள், அப்போது தெரியும்.

நான் செய்தேன். ஒன்றல்ல, ஏழு.

என் வியாதி மரத்தில் செய்கிற இயந்திர பொம்மைகள். அட்டைப் பெட்டியைத் திறந்தால் மெல்லிய மரப் பலகைகள் அடுக்கடுக்காக இருக்கும். பற்சக்கரம், அச்சு, கொக்கி என்று சின்னச் சின்னத் துண்டுகளை அதில் முன்பே வெட்டி வைத்திருப்பார்கள். விரலால் அழுத்தினால் பொட்டென்று கழன்று வரும். பசை கிடையாது, ஆணி கிடையாது. ஒன்றை ஒன்றில் செருகி, உரசுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து, ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் கடைசியில் அது ஓடும். நிஜமாகவே ஓடும்! கேளம்பாக்கத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, எதை முடித்தோம் என்றே தெரியாமல் வீடு திரும்புகிறவனுக்கு, தன் கையால் செய்த ஒரு சாமான் கண் முன்னால் உருண்டு போவதைப் பார்ப்பதில் இருக்கிற சுகம் சொன்னால் புரியாது.

அம்மாவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. "கரண்ட் போனா ஏத்தறதுக்கு வீட்ல ஒரு மெழுகுவத்தி இல்ல. எல்லாத்தையும் தேச்சே தீத்துட்டான்" என்பது அவருடைய நிரந்தரப் புகார். அப்பா மட்டும் ஒருநாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "பதினாலு வயசுக்கு மேலன்னுதான் போட்டிருக்கு. இவன் தாராளமா விளையாடலாம்" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சுகன்யாவின் வரன் வந்தது. குரோம்பேட்டை. ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போயிருந்ததால் இந்த முறை அம்மா ரொம்ப உஷாராக இருந்தார். என்னைப் பற்றிய விவரத்தில், பொழுதுபோக்கு என்ற இடத்தில் "புத்தகம், உடற்பயிற்சி" என்று அவரே எழுதிவிட்டார். ஒருமுறை கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டோம், பிறகு இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டாவது முறை சுகன்யா கேட்டாள், "லீவுல என்ன பண்ணுவீங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் சொன்னேன், "ஜிம் போவேன். வாரத்துக்கு அஞ்சு நாள்."

(என் உடம்பைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினால் எனக்கும் ஹேங்கருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.)

எதிர்முனையில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பவே பிடித்துப் போய்விட்டது. அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே பயமாக இருந்தது. அவளுடைய அப்பா, அம்மா, பெரியப்பா மூன்று பேரும் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதுவும் அவளுடைய அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் டிக்கெட் வாங்காதவர்கள் சொல்கிற கதைகளைக் கேட்டே காது காய்த்தவர்.

காலையிலேயே அம்மா உத்தரவு போட்டுவிட்டார். "இந்தக் கட்டை சாமான் ஒண்ணு கூட அவங்க கண்ல படக்கூடாது. முப்பத்திரண்டு வயசுல பொம்மை வெச்சு விளையாடறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. சொந்தப் பிள்ளைகளை ஒளித்து வைப்பது மாதிரி ஒவ்வொன்றாக ஒளித்தேன். கடிகாரம் பீரோவுக்குள். ராட்டினம் பரணில். நம்பர் பூட்டுப் பெட்டி அரிசி டிரம்முக்குள். இன்னும் மூன்று அழுக்குத் துணிக் கூடையில். மிச்சமிருந்தது டிராக்டர். மூன்று வாரம் உட்கார்ந்து செய்த டிராக்டர். தினமும் ஆபீஸ் வண்டி வருவதற்குள் ஹாலில் அதை ஒரு ரவுண்டு விடாமல் நான் கிளம்ப மாட்டேன். அது இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனதால் அன்று காலை முன் அச்சைக் கழற்றி மாட்டி, சோதித்துப் பார்க்க ரப்பர் பேண்டை முழுக்க முறுக்கியும் வைத்திருந்தேன். நிறுத்துக் கொக்கியைத் தட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வாசலில் கார் சத்தம்.

"வந்துட்டாங்கடா!" என்று அம்மா அலறினார். முறுக்கை இறக்கக்கூட நேரமில்லை. டிராக்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கொடியில் கிடந்த என் பனியனை எடுத்து அதன்மேல் போட்டு மூடினேன். பனியனில் முதுகுப் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. சுகன்யாவின் அப்பா அதிகம் பேசவில்லை. என்னை மட்டும் அவ்வப்போது ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் கையில் இருந்தாலும் பாக்கெட்டைத் தடவ வைக்கிற பார்வை அது. பேச்சு முழுக்கப் பெரியப்பாவுடையது. "போர் எத்தனை அடி? ஏரி ரொம்பினா தெருவுக்குத் தண்ணி வருமா?" என்று விசாரித்தபடியே சுவரைத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனவர், என் அறைக்குள் நுழைந்து, "அப்பாடா, இங்க கொஞ்சம் காத்து வருது" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். செருப்பில்லாத காலைச் சுகமாகக் கட்டிலுக்கு அடியில் பின்னால் இழுத்துக்கொண்டார். குதிகால் போய்க் கொக்கியில் இடித்தது.

கட... கட... கட... கட...

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுகொள்வேன்.

"பெருச்சாளி!" என்று பெரியப்பா அலறினார். "அய்யோ பெருச்சாளி! காலைக் கடிச்சிருச்சு!"

என் பனியனைப் போர்த்திக்கொண்டு, அறை வாசலைத் தாண்டி, ஹாலுக்குள் மெதுவாக, கம்பீரமாக வந்தது டிராக்டர். சுகன்யாவின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபா மேல் ஏறி நின்றுவிட்டார். அவள் அப்பா எழுந்து நின்றார். எங்கள் அப்பா இருக்கிறாரே, அவர் அந்தக் கலவரத்தில் செய்த காரியத்தைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு காலையும் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக்கொண்டார். டிராக்டர் நாற்காலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனதும், காலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அம்மாவின் மூளையை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். ஒரே நொடியில் தொடப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து ஓங்கிவிட்டார். "பெருச்சாளியேதான்! ஏரிப் பக்கத்துலேர்ந்து வந்துடுதுங்க சனியன்! நகருங்க, ஒரே போடு!" அது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அடித்து நொறுக்கிப் பனியனோடு சுருட்டிக் கொல்லைப் பக்கம் எறிந்துவிட்டால் கதை முடிந்தது. கல்யாணம் நடக்கும். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான்.

தொடப்பக் கட்டை இறங்கியது.

"அம்மா, அடிக்காத! மூணு வாரம்!" என்று கத்திக்கொண்டு நான் தரையில் பாய்ந்தேன். அடி என் முதுகில் விழுந்தது. டிராக்டர் என் வயிற்றுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டு சட்டைப் பொத்தானை டக் டக் என்று தட்டியது. 

சுகன்யாவின் அப்பா குனிந்து பனியனை இரண்டு விரலால் எடுத்தார். "என்ன இது?"

"பக்கத்து வீட்டுப் பையனோடதுங்க அண்ணா" என்றார் அம்மா, மூச்சு விடாமல்.

"அப்படியா. பையன் எங்க?"

"ஊருக்குப் போயிருக்கான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

"ஆமா சார்" என்றேன் தரையில் படுத்தபடி. "பக்கத்து வீட்டுப் பொண்ணோடது."

"பையனா, பொண்ணா?"

"ரெண்டு பேரு சார்."

"மூணு வாரம்னு என்னமோ சொன்னீங்களே?"

"அவங்க... ஊருக்குப் போய் மூணு வாரம் ஆச்சு சார்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சுகன்யாவின் அப்பா மெதுவாக எங்கள் அப்பாவிடம் திரும்பி, "நீங்க காலைத் தூக்கினீங்களே சார்?" என்றார். அப்பா பேப்பரைத் தாழ்த்தி மிக இயல்பாகச் சொன்னார், "தினம் வரும். இன்னிக்குக் கொஞ்சம் லேட்."

இதற்கு மேல் என்ன இருக்கிறது? எழுந்து உட்கார்ந்தேன். முதுகு எரிந்தது. "என்னுதுதான் சார். நானேதான் செஞ்சேன். நான் ஜிம்முக்கெல்லாம் போறதில்ல. இதுதான் பண்றேன்" என்றேன். சொல்லி முடித்ததும் ஒரு நொடி மனசு லேசானது. அடுத்த நொடியே, எல்லாம் போச்சு என்று தோன்றியது.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"இதோட ஏழு சார்."

எடுத்து வரச் சொன்னார். கள்ளக் கடத்தல் சாமானைப் பறிமுதல் செய்வதுபோல ஒவ்வொன்றாக ஹாலில் வரிசையாக வைத்தோம். டிரம்முக்குள்ளிருந்து வந்த பெட்டியின் பற்சக்கரங்களுக்கு நடுவே அரிசி மாட்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார், வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து, "சரி, நாங்க சொல்லி அனுப்பறோம்" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று, நாலு இடம் தட்டிப்போன எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியப்பா காரில் ஏறும்வரை குதிகாலைத் தடவிக்கொண்டே போனார்.

மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சாதத்தைக்கூட டங்கென்று வைத்தார். நான் ஏழு பொம்மைகளையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். சுகன்யாவுக்கு நாலு முறை மெசேஜ் அடித்து, நாலு முறையும் அழித்தேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பா, உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பா, எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

நாலாம் நாள் ஆபீஸ் வண்டியில் கேளம்பாக்கம் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள்தான். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள், "ஜிம் எப்படிப் போகுது?"

"சாரிங்க" என்றேன்.

"எங்க அப்பா என்ன சொன்னார் தெரியுமா? முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்ளோ மோசமா பொய் சொல்ற ஆளை அவர் பாத்ததே இல்லையாம். மூணு கேள்விதான் கேட்டாராம், நீங்க மூணு தண்டவாளத்துல ஓடினீங்களாம். 'இவனால ஜென்மத்துக்கும் உன்கிட்ட எதையும் மறைக்க முடியாதும்மா, தைரியமா கட்டிக்க'ன்னுட்டார்."

நான் போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டியில் பக்கத்தில் இருந்தவர், "என்ன சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இருங்க, சந்தோஷப்படாதீங்க" என்றாள் சுகன்யா. "நானும் ஒண்ணு சொல்லணும். சமையல்ல ஆர்வம்னு என் விவரத்துல போட்டிருந்துச்சே, அது அம்மா எழுதினது. எனக்கு வெந்நீர் வெக்கத்தான் தெரியும்."

"நான் இட்லி நல்லா ஊத்துவேங்க" என்றேன். அது உண்மை.

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. பொம்மைகள் இப்போது ஹாலில், கண்ணாடி அலமாரியில், எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கின்றன. பெரியப்பா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்வார். இன்னொன்றும் நிரந்தரமாகிவிட்டது. வீட்டில் யாராவது பொய் சொன்னால் யாரும் திட்டுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. சத்தமில்லாமல் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை ஒரு பெரிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். மரத்திலேயே ஒரு ரயில் எஞ்சின், முந்நூறு சொச்சம் துண்டு. இந்த மாதம் புதிதாக எதுவும் வாங்க மாட்டேன் என்று சுகன்யாவிடம் சத்தியம் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஹாலில் அவளும், அம்மாவும், அப்பாவும், குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த மாமனாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் கிஃப்ட் குடுத்தாங்க" என்றேன்.

யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டுக் கால்களும் ஒன்றாக மேலே போயின.