தகர டப்பாச் சிங்கம்

நான் கேட்ட முதல் சிங்க கர்ஜனை ஒரு தகர டப்பாவிலிருந்து வந்தது. பல வருஷங்களுக்கு முன்பு, ஒலிப்பதிவுக் கூடத்தில் என் முதல் நாள். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய கயிறு ஒன்றைக் கோத்திருந்தார்கள். ஒலிப்பதிவாளர் அதை இரண்டு விரல்களால் அழுத்தி இழுத்தார். டப்பா உறுமியது. உறுமல் எழுந்து, அறையை நிறைத்து, மெல்லத் தேய்ந்து ஒரு பெருமூச்சாக முடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுநிமிஷம் அவர் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். அன்றோடு எனக்குச் சிங்கபயம் போயிற்று. டப்பாவில் இருக்கும் சிங்கத்தைச் சொல்கிறேன்.

என் தொழில் குரல். ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் ஆப்பிரிக்க விலங்குகள் வருமே, படத்துக்குப் பின்னாலிருந்து அடித்தொண்டையில் பேசுகிறவன் நான்தான். படம் வெளிநாட்டிலிருந்து வரும். அதில் யாரோ ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். அவரை அழித்தால் கூடவே யானையும் சிங்கமும் ஊமையாகிவிடும். எனவே விலங்குகளை அந்த ஒலிப்பதிவாளர் செய்வார். டப்பாக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மனிதனை நான் செய்வேன்.

நான் பேசுவதையெல்லாம் எழுதுகிறவள் இவள். என் மனைவி. கல்லூரியில் இலக்கியம் படித்தவள், கவிதை எழுதியவள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு காண்டாமிருகத்தைப் பற்றி எழுதினாள். "மழைக்கு முன்னால் புல்வெளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது" என்று எழுதித் தருவாள். நான் வாசிப்பேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பெயர் எனக்கு. தெருவில் என் பட்டப்பெயர் காட்டுராஜா.

காட்டுராஜாவுக்குப் பல்லி ஆகாது. எதிர்வீட்டு நாய் வாசலில் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கேட்டவர்களுக்கு அது நடைப்பயிற்சி. உண்மை தெரிந்தவர்கள் இருவர். ஒன்று இவள், இன்னொன்று அந்த நாய்.

இவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இன்னொன்றும் உண்டு. வாசிக்கும்போது நான் எதையும் கேட்பதில்லை. கண் காகிதத்தில் இருக்கும், குரல் ஒலிவாங்கியில் இருக்கும், மனசு மதியச் சாப்பாட்டில் இருக்கும். ஒருமுறை வீட்டு ஒத்திகையில் "இந்தக் குரங்கின் முகஜாடை அப்படியே எனக்கு" என்று நடுவில் ஒரு வரி செருகி வைத்திருந்தாள். கம்பீரமாக வாசித்து முடித்து, எப்படி என்று கேட்டேன். உருக்கமாக இருந்தது என்றாள்.

இவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. பார்க்காத புல்லைப் பற்றியே எத்தனை காலம் எழுதுவது, ஒரு தடவை நிஜமாகப் பார்க்க வேண்டும் என்பாள். பார்த்தால் போச்சு என்பேன் நான். சொல்வதற்கு என்ன கேடு?

கேடு மேனேஜர் உருவத்தில் வந்தது. நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் பயண நிறுவனம், குரலையும் குரலின் மனைவியையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வைக்க ஆசைப்படுகிறதாம். கூடாரத்தில் தங்கல். ஜீப்பில் சுற்றல்.

"கூடாரத்துக்குக் கதவு உண்டா சார்?"

"ஜிப் இருக்கு."

"ஜீப்புக்கு?"

"அதுக்கு ஜிப்பும் இல்ல. நாலு பக்கமும் திறந்தது. சிங்கத்தைத் தொட்டுடலாம் போல இருக்குமாம்."

சிங்கமும் என்னைத் தொட்டுவிடலாம் போல இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. கவலை தோய்ந்த குரல் ஒன்றை எடுத்தேன். அநாதை யானைக்குட்டிக்கென்று தனியாக வைத்திருப்பது.

"எனக்குக் கொள்ளை ஆசை சார். வீட்டம்மாவுக்குத்தான் தலைசுத்தல். மாடிப்படி ஏறினாலே சுவரைப் பிடிச்சுக்குவா. அவளை எப்படி விமானத்துல ஏத்தறது?"

மேனேஜர் உச்சுக்கொட்டினார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

அந்த வார நிகழ்ச்சியில் யானைகள். எழுதியதைக் கையில் கொடுத்து, நல்லா வந்திருக்கு, நிறுத்தி வாசிங்க என்றாள் இவள். நிறுத்தி வாசித்தேன். அன்று மதியத்துக்குக் கத்தரிக்காய் என்பதால் குரலில் தனிக் குழைவு. முடித்ததும் டப்பாக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தார்.

"அண்ணே, கடைசியில சொன்னீங்களே, நிஜமாவா?"

"எங்க வீட்டம்மா எழுதினதுப்பா. ஒரு எழுத்து பொய்யா இருக்காது" என்றேன் பெருமையாக. கடைசியில் என்ன சொன்னேன் என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறு மாலை தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நாய்க்குச் சொந்தக்காரர். திரையில் யானைக் கூட்டம் ஆற்றைக் கடந்தது. என் குரல் எனக்கே இனித்தது.

"பெண் யானைதான் தலைவி. எங்கே போவது என்று அவள் முடிவு செய்வாள். தயங்கி நிற்கும் கிழட்டு ஆண், அவளுக்குத்தான் தலைசுற்றல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்."

தேநீர் எனக்குப் புரையேறியது. குரல் நிற்கவில்லை.

"நேயர்களே, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரனாகிய நான், அடுத்த மாதம் என் மனைவியோடு இதே காட்டுக்குப் போகிறேன். சிங்கத்துக்கு மிக அருகில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். இது என் வாக்கு."

கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கார்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லலையே காட்டுராஜா. நான்கூட உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுட்டேன், என் நாய் மேல சத்தியமா."

தொலைபேசி அடித்தது. மேனேஜர். இவள்தான் எடுத்தாள். "தேறிடுச்சு சார். நீங்க அன்னிக்கு போன் பண்ணி என் தலைசுத்தலை அக்கறையா விசாரிச்சதுமே தேறிடுச்சு. இப்ப இவருக்குத்தான் லேசா சுத்துது."

ஆப்பிரிக்கா போனோம்.

ஜீப் நான் பயந்ததைவிடத் திறந்திருந்தது. சத்தம் போடக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார் வழிகாட்டி. எழுந்து நிற்கும் உத்தேசம் என் கால்களுக்கும் இல்லை. நான் இருக்கைக்கு அடியில் இருக்கும் காட்சிகளை ரசித்து வந்தேன். இவள் புல்லைப் பார்த்தாள். இடுப்புயரப் புல், காற்றே இல்லாமல் நின்றது. இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

உச்சி வெயில். புல்லிலிருந்து ஒரு சிங்கம் எழுந்து வந்தது. காடெங்கும் நிழல் தேடியதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் ஜீப்பின் நிழலில், என் பக்கமாகவே படுத்தது. படுத்து, வாயைத் திறந்தது.

அது டப்பாச் சத்தமில்லை. காதில் விழுவதற்கு முன்னாலேயே விலா எலும்பில் விழுந்தது. இருக்கை அதிர்ந்தது. நானும் வாயைத் திறந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. வழிகாட்டி பிற்பாடு சொன்னார், அந்த மாதிரி ஒரு சத்தத்தை எந்த விலங்கிடமும் கேட்டதில்லையாம். சிங்கம் எழுந்து என்னை அருவருப்போடு ஒரு பார்வை பார்த்துவிட்டு வெயிலுக்கே போய்விட்டது.

இவள் மட்டும் அசையவில்லை. கண்ணில் நீர் நின்றது.

"இத்தனை வருஷமா தப்பா எழுதியிருக்கேங்க. கர்ஜனைன்னு எழுதினேன். மண்ணே பேசுது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது. குரல் வரவில்லை.

ஊர் திரும்பியும் வரவில்லை. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், கிழிந்த சட்டையைத் தையற்காரர் பார்ப்பதுபோல் பார்த்தார். பேசவே கூடாது என்றார். ஞாயிறு வந்தது. கண்டதைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எழுதினது நீங்கதானே, இந்த ஒரு வாரம் நீங்களே வாசிச்சுடுங்கம்மா என்றார் மேனேஜர்.

இவள் வாசித்தாள். அடித்தொண்டை இல்லை, குழைவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல், தான் சொல்வதைத் தானும் கேட்டுக்கொண்டே சொன்னாள். கார்டு என்னைத் தேடி வந்து, இத்தனை நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இந்தக் குரலை என்று கேட்டார். தொண்டையைத் தொட்டுக் காட்டித் தப்பித்தேன்.

குரல் பிறகு ஒருவழியாகத் திரும்பியது, தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல. அதற்குள் டப்பாக்காரர் ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். நிகழ்ச்சி இன்றும் ஞாயிறு மாலையில் வருகிறது. எழுதுவதும் இவள், பேசுவதும் இவள். இவள் கை காட்டும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கயிற்றை இழுக்கிறேன்.