அரை வரிப் படிப்பு

கொனோங்கோ,
செவ்வாய்க்கிழமை, உச்சிவெயில்.

அக்காள் மகன் கோஜோ போவாடுவுக்கு, உன் தாய்மாமன் யாவ் அம்பெம் மரியாதையாக வலது கையாலேயே எழுதும் மடல். இங்கே நானும் உன் மாமி அகுவாவும் நலம். கோழிகளும் நலம், நாலு மட்டும் குறைகிறது, காரணம் பின்னால் வரும். அக்ராவில் நீயும் உன் மனைவியும் நலமா, உன் மேலதிகாரியின் கோபம் தணிந்ததா என்று அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் படிப்பை விட்டுவிட்டேன். இது முடிவான முடிவு. உனக்கு ஏன் இதைத் தனியாக எழுதுகிறேன் என்றால், எனக்குப் பிள்ளைகள் இருந்தாலும் நம் வழக்கப்படி வாரிசு நீதான். நான் கண்ணை மூடியதும் என் வாழ்க்கைக் குறிப்பை எழுதி அச்சடித்து, சாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டியவனும் நீதான். ஆகையால் அதில் 'கல்வி' என்ற தலைப்புக்குக் கீழே 'ஆறாம் வகுப்பு வரை' என்று அரை வரி போட்டு நிறுத்திக்கொள். மிச்ச இடத்தில் ஒரு பூப்படம் போட்டுவிடு.

எல்லாம் டார்க்கோவால் வந்த வினை. நான் கோகோ மூட்டை எடைபோட்ட காலத்தில் எதிர்க் கொட்டகையில் எடைபோட்டவன், தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்துப் பிழைத்தவன், அவனேதான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் சாவுக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திப் போய் உட்கார்ந்தேன். போதகர் அவன் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். மாலை வகுப்பு, தபால்வழிச் சான்றிதழ், தட்டச்சு, கணக்குப்பதிவு, வேதாகமப் பாடம் இரண்டு தடவை என்று கல்விப் பகுதி போகிறது போகிறது, நடுவில் போதகர் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். ஜனங்கள் தலையை ஆட்டுகிறார்கள். என் குறிப்பை வாசித்தால் மனுஷனுக்கு எச்சில்கூட வற்றாது என்று நினைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மறுநாளே லாரி நிலையத்துக்குப் போய்ப் பழைய பாடப்புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். அறுபத்தாறு வயதில் தனித்தேர்வராகப் பெயரும் பதிந்தேன்.

அறிவியலில் தொடங்கினேன். மின்சாரம் என்ற பாடத்தை முக்கால்வாசி படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, கோழிக்கூண்டுக்குக் கதகதப்பாக ஒரு விளக்குப் போட்டேன், நாலு கோழி போச்சு, வளவு முழுக்க மூன்று நாள் இருட்டு, குடியிருப்பவர்கள் குளிர்பெட்டியில் வைத்திருந்த மீன் எல்லாம் கெடுவதற்குள் தின்றாக வேண்டியதாகி, ஊரே நம் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போனது. படிக்காத கால்வாசியில்தான் ஃபியூஸ் இருந்திருக்கிறது. அடுத்தது வரலாறு. திருவிழா அன்று ஊர்த் தலைவருக்காகப் பேசும் வாய்மொழியாளர் மதுவைத் தரையில் ஊற்றி முன்னோர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார், நான் எழுந்து, மூன்றாமவரும் நாலாமவரும் இடம் மாறிவிட்டார்கள், புத்தகத்தில் வேறே மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். செத்தவர்களையே வரிசையில் நிறுத்தப் பார்த்தவன் என்று சொல்லி ஒரு செம்மறியாட்டை அபராதமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆடு நல்ல ஆடு.

கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். எக்ஸ் என்று ஒன்று வருகிறது. அது எண்ணும் இல்லை, ஆளும் இல்லை, ஆனால் அதைக் கண்டுபிடி என்கிறான். ஃபூஃபூவுக்கு உரலில் கிழங்கு இடிக்கும்போதுகூடப் புத்தகத்தை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு இடித்தேன். ஒரு நாள் குறி தவறி உலக்கை வேறெங்கோ இறங்க, புத்தகம் எண்ணெய்ப் பனங்காய்க் குழம்புச் சட்டிக்குள் போய் விழுந்தது. எடுத்துத் துடைத்துக் காயவைத்ததில் இரண்டு தாள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கம் படிக்காவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று தாண்டிப் போய்விட்டேன். உன் மாமி குழம்பை எட்டிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருஷம் மூட்டை மூட்டையா எடை போட்டீங்க. இப்ப ஒத்தை எழுத்துக்கு எடை சொல்லத் தெரியலையா?" என்றாள்.

கணக்குத் தேர்வன்று நடந்ததைக் கேள். நான் கூடத்துக்குள் நுழைந்ததும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி மேடையிலிருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நரைத்த தலை நிற்கும்போது உட்காரமாட்டோம் என்று அவர்கள் நின்றால் நான் என்ன செய்ய, உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் டெட்டே ஓடிவந்து, மேலிடத்திலிருந்து திடீர்ச் சோதனைக்கு வந்த ஐயா என்று நினைத்து, குளிர்ந்த தண்ணீரும் இறைச்சிப் பணியாரமும் கொடுத்து, உங்கள் கையாலேயே வினாத்தாள் கொடுங்கள் என்று தாள்கட்டை நீட்டினார். பெரியவன் என்று மதித்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி நமக்குப் பழக்கம் உண்டா? கொடுத்தேன். வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தும் பார்த்தேன். ஒரு பையன் எட்டிப் பார்த்தான், அதட்டினேன். அரை மணி நேரம் கழித்து டெட்டே பட்டியலோடு வந்து என் காதருகே குனிந்தார்.

"ஒரே ஒரு ஆள் மட்டும் வரலைங்கய்யா. யாவ் அம்பெம்னு பேரு."

"அது நான்தாம்ப்பா," என்றேன்.

கூடம் அடங்கவே இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று. மிச்ச நேரத்தில் நானும் எக்ஸும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போன வாரம் முடிவு வந்தது. ஆங்கிலம் தப்பித்தது, சமூகப் பாடம் பரவாயில்லை, கணக்கு எஃப் ஒன்பது. அதற்குக் கீழே தரமே கிடையாதாம். உன் மாமி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை, சாப்பாட்டில் எனக்குப் பெரிய மீனை வைத்தாள். அதுதான் தாங்கவில்லை. நேற்றுக் காலையில் புத்தகம் அத்தனையையும் என் பழைய தராசில் ஏற்றி எடை பார்த்து, சந்திப்பில் வறுத்த கடலை விற்கும் மான்சாவுக்குப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிட்டேன். மருமகனே, உன்னிடம் என்ன மறைக்க, வெறுங்கையோடு திரும்பி வரும்போது அழுதுவிட்டேன்.

ஆகவே அரை வரி போதும். ஆண்டவரும், நான் வரிசை மாற்றிய முன்னோர்களும் மனமிரங்கி, உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் தரட்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். உன் மாமியின் ஆசியும் இதிலேயே அடக்கம்.

அன்பு மாமன்,
யாவ் அம்பெம்
(ஆறாம் வகுப்பு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இதைத் தபாலில் போடப் போகிற வழியில் மான்சாவிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கினேன். தாளில் பனையெண்ணெய்க் கறை. அந்த ஒட்டிக்கொண்ட பக்கம்! மான்சா நகத்தால் பிரித்து எடுத்திருக்கிறாள். அதில் ஒரு தராசுப் படம், கோஜோ. இரண்டு தட்டும் சரிசமம், ஒரு தட்டில் கட்டிய மூட்டை, அதன் மேல் எக்ஸ் என்று எழுதியிருக்கிறது. இந்தத் தட்டிலிருந்து எடுப்பதை அந்தத் தட்டிலிருந்தும் எடு, முள் நகராது, கடைசியில் மூட்டை என்ன எடையோ அதுதான் எக்ஸ். அடப் பாவி, முப்பத்தெட்டு வருஷம் நான் செய்த வேலையே இதுதானே! தேர்வில் விட்ட கணக்கை இந்த உறையின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், திருப்பிப் பார், விடை ஏழு. மான்சாவின் தட்டிலிருந்த பொட்டலம் மொத்தத்தையும் வாங்கிவிட்டேன். தெருவே கடலை தின்கிறது, நான் பக்கங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் மட்டும் குமாசிக்குப் போகிற பேருந்தில் ஏறிவிட்டது. மாமி சொன்னது சரி என்று மட்டும் மாமிக்கு எழுதிவிடாதே. அடுத்த தேர்வுக்கு என் பெயரை அங்கேயிருந்தே உடனே பதிந்துவிடு, அரை வரியை அடித்துவிடு, போதகருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் என்று எங்கேயாவது குறித்து வை. இப்போதே வாங்கிவிடாதே. இன்னும் வேதியியல் தொடவே இல்லை.