மண்டியிட்ட தகப்பன்

"பன்றிக்குப் போட்ட தவிட்டுக்குக்கூட ஏங்கிப் பட்டினி கிடந்த பயலுக்கு இப்படி ஒரு கெண்டைக்காலா?" என்று கேட்டார் பதிப்பாளர் ஆல்ட்யே அம்மாள்.

லுப்பெர்ட், தான் செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து எடுத்த மை காயாத அச்சைக் கயிற்றில் மாட்டினான். ஊதாரி மகன் வீடு திரும்பும் காட்சி. சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வந்தவனைத் தகப்பன் ஓடிவந்து மன்னித்து அணைக்கும் பைபிள் கதையை ஹார்லெம் நகரத்தில் குழந்தைகூடச் சொல்லும். வசந்தச் சந்தைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"இப்ப இதாம்மா பாணி. சதை முறுக்கலேன்னா எவனும் வாங்க மாட்டான்."

"முறுக்கட்டும். வருத்தம் எங்கே? தலையாவது குனியட்டுமே."

"குனிய மாட்டான்."

அம்மாளுக்குக் காரணம் தெரியும். எட்டு வருடங்களுக்கு முன் லுப்பெர்ட் வரைந்த படங்களையெல்லாம் அவன் அப்பா, ரொட்டிக்கடை வவுட்டர், அடுப்பில் போட்டு எரித்தார். அன்றே வெளியேறியவன், அவர் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றிருந்தான். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"மகன் மலையாட்டம் நிக்கிறான். பக்கத்துல அப்பன் எலியாட்டம். ஏதாவது பண்ணுப்பா."

மகனை இளைக்க வைக்க லுப்பெர்ட்டுக்கு மனம் வரவில்லை. தகப்பனுக்குச் சதை ஏற்றினான். அடுத்த அச்சைப் பார்த்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கட்டிப்பிடிக்கிறாரா, தூக்கிப் போடப் போறாரா? மல்யுத்தமில்ல நடக்குது!"

"முழங்காலைக் கொஞ்சம் மடக்கினா கனிவு வந்துடும்."

கால்களைச் சுரண்டி எடுத்தான். பள்ளமான தகட்டைப் பின்னாலிருந்து தட்டி மட்டமாக்கி, புதிதாகச் செதுக்கினான். கனிவு அளவுக்கு மீறி வந்துவிட்டது. மூன்றாவது அச்சில் தகப்பன் மண்டியிட்டு மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்க, மகன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனிச் சுரண்டினால் தகடு ஓட்டையாகிவிடும். போதாக்குறைக்குத் தகப்பனின் முகத்தில் வவுட்டரின் மூக்கு அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. அது எப்படி வந்ததென்று லுப்பெர்ட்டுக்கே தெரியவில்லை.

சேதி கேட்டுப் போதகரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"மன்னிக்கிறவர் எங்கேயாவது மண்டி போடுவாரா? இதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"தப்புப் பண்ணவர்தான் மண்டி போடணும், ஐயா."

"தப்புப் பண்ணது மகன்!"

"உங்க பைபிள்ல. எங்க வீட்டுல வேற."

போதகரின் முகம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால், படத்தை யாரும் வாங்கக் கூடாதென்று பிரசங்கத்திலேயே சொல்லிவிடுவேன் என்றார். லுப்பெர்ட் போகவில்லை. அவரும் சொன்னபடி சொல்லிவிட்டார். அதுவரை படத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட மறுநாள் சந்தையில் அதைத் தேடி வந்தார்கள்.

பயந்துபோன ஆல்ட்யே அம்மாள் படத்தை மற்ற எல்லாவற்றுக்கும் கீழே, தரையை ஒட்டி மாட்டியிருந்தார்.

"ஐயோ, உங்கப்பா வர்றாரு! பின்பக்கமா ஓடிடு."

"நான் எதுக்கு ஓடணும்?"

லுப்பெர்ட் படத்தின் பக்கத்திலேயே கைகளைக் கட்டிக்கொண்டு, தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றான். வவுட்டர் மாவு படிந்த தொப்பியைக் கழற்றினார். அடுப்புச் சூட்டில் மங்கிப்போன கண்கள். குனிந்து பார்த்தார், தெரியவில்லை போலிருக்கிறது. மெல்ல மண்டியிட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குப் படத்தை நெருங்கினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"கிழிக்கிறதுன்னா கிழிச்சுக்குங்க," என்றான் லுப்பெர்ட், கோபுரத்தைப் பார்த்தே. "தகடு என்கிட்ட இருக்கு. இன்னும் நூறு அடிப்பேன். ஒரு கோட்டைக்கூட மாத்த மாட்டேன்."

வவுட்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கிழிக்க வரலடா. இந்தப் பய அந்தக் கிழவனை எப்ப எந்திரிக்கச் சொல்லுவான்? எனக்கு முட்டி வலிக்குது."