எல்.எல்.எம். போகப்போகிறவர்

கொழும்புச் சட்டத்தரணிகளில் எல்.எல்.எம். என்ற மேற்படிப்பை முடித்தவர்கள் ஒரு ரகம், முடிக்காதவர்கள் இன்னொரு ரகம் என்று நீங்கள் நினைத்திருந்தால், வாசகரே, வெள்ளவத்தைப் பக்கம் நீங்கள் சரியாக நடந்து திரியவில்லை. மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. அவர்தான் எல்.எல்.எம். போகப்போகிறவர்.

சட்டத்தரணி சாந்தகுமார் இந்த ரகத்தில் மூத்தவர். ஒன்பது வருடங்களாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு என்னென்ன தேவை என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்: இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சட்டப் பட்டம், ஆங்கிலப் பரீட்சையில் ஏழு புள்ளி, அதிலும் எந்தப் பகுதியும் ஆறரைக்குக் குறையக்கூடாது, இரண்டு சிபாரிசுக் கடிதங்கள், 'நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்' என்று ஒரு கட்டுரை. லிப்டில் அகப்படுகிறவரிடம் ஆறாம் மாடி வருவதற்குள் இவ்வளவையும் ஒப்புவித்துவிடுவார். நீங்கள் கேட்டீர்களா? கேட்கத் தேவையில்லை.

பிறகு ஏன் மனிதர் போகவில்லை? ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். கட்டுரையின் முதல் பந்தியைத் திருத்தி முடிக்க அவருக்கு இரண்டு வருடமும் ஒரு மாதமும் பிடிக்கும். நான்கு தரம் பரீட்சை எழுதி, நான்கு தரமும் ஏழரை எடுத்து, நான்கு தரமும் காலாவதியாக விட்டவர். ஒருமுறை கடைசித் திகதி நெருங்கியபோது, இன்னொரு தவணை தந்தருளும்படி பல்கலைக்கழகத்துக்கே மனு எழுதினார். புதுக்கடை நீதிமன்றங்களில் தவணை கேட்டுக் கேட்டுப் பழகிய கை அல்லவா? முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. "எங்கட பக்கத்தைக் கேளாமலே தீர்ப்புச் சொல்லிப்போட்டாங்கள்" என்று ஒரு மாதம் கொதித்துத் திரிந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய ஜூனியர் அனுஷியா வந்து அகப்பட்டாள். மூன்று வருடம் அவரிடம் தொழில் பழகியவள். அவளும் எல்.எல்.எம். போக விண்ணப்பிக்கிறாள்; மற்றதெல்லாம் தயார். அவள் 'சேர்' என்று அழைக்கும் சாந்தகுமாரின் சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அது போய்ச் சேராவிட்டால் அவளுக்கும் இந்த வருடம் போச்சு. நம்மவர் வழக்கப்படி அந்தக் கடிதத்தையும் அவளே எழுதிக்கொண்டு வந்தாள். அவர் வாசித்துப் பார்த்து, பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஞ்சு மணிதான் கடைசி, சேர்."

"பாப்பம். இதில 'கடும் உழைப்பாளி' எண்டு போட்டிருக்கிறீர். அது எல்லாரும் போடுறது."

"அப்ப எதைப் போட, சேர்?"

"அதைத்தான் யோசிக்கவேணும்."

யோசித்தார். ஞாயிறு முழுவதும் யோசித்தார். திங்கட்கிழமை தன்னுடைய ஒன்பது வருட அனுபவத்தை அவளுடைய கடிதத்தில் இரண்டு பந்திகளாகச் சேர்த்தார். செவ்வாய்க்கிழமை, அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றி, ஒரு பந்தியை வெட்டினார். அதற்குள் ஐந்து மணி கடந்துவிட்டது.

புதன்கிழமை காலை அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பாவம்; முகம் செத்துப்போயிருந்தது.

"பிள்ளை, பிழை என்னில. நான் அவங்களுக்கு எழுதி ஒரு தவணை கேக்கட்டே?"

"வேண்டாம், சேர். நான் தந்த கடிதத்தை இப்பவே ஏத்துங்கோ. கடைசித் திகதி வெள்ளிக்கிழமை."

"செவ்வாய் எண்டல்லோ சொன்னனீர்?"

"மூண்டு வருசம் உங்களோட வேலை செய்தனான், சேர். உங்களிட்டப் போய் உண்மையான திகதியைச் சொல்லுவனே?"

அவள் பக்கத்தில் நிற்க, அந்த நிமிடமே கடிதம் ஏறியது. அனுஷியா செப்டெம்பரில் போகிறாள். சாந்தகுமாருக்கு அவள்மேல் துளிகூடக் கோபமில்லை. "கெட்டிக்காரி, என்னட்டப் பழகினவள்" என்று வெள்ளவத்தைக் காலி வீதி முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் கலியாண வீட்டு முகூர்த்தம், டாக்டர் வரச்சொன்ன மணி, ரயில் புறப்படும் நேரம் என்று உங்கள் வீட்டார் உங்களுக்குச் சொல்கிறார்களே, அவை உண்மையான நேரங்கள்தானா என்று ஒருநாள் அவர்களுக்குத் தெரியாமல் விசாரித்துப் பாருங்கள்.